பயிர் நோயை இனங்காணும் வசதி மலையகத்துக்கும் வேண்டும்

2020 ஆம் ஆண்டில் கொவிட் பெருந்தொற்று நாட்டைப் பீடித்த வேளையில், பி.சி.ஆர். பரிசோதனை என்றால் என்ன என்பதை லயன் அறைகளில் வாழ்ந்தவர்களும் அறிந்து கொண்டார்கள். கிருமி எது, அதன் திரிபு எது, எவ்வழியாகப் பரவுகின்றது என்பனவற்றை முதலில் உறுதி செய்து கொள்ளாமல் எந்த நோயையும் கட்டுப்படுத்த முடியாது என்ற உண்மை அன்று சிறு பிள்ளைகளுக்கும் விளங்கியது. ஆனால், மனிதருக்கு நோய் வந்தபோது கற்றுக் கொண்ட இப்பாடத்தை, எமக்கு உணவையும் வருமானத்தையும் தருகின்ற பயிர்களுக்கு நோய் வரும்போது நாம் மறந்து விடுகின்றோம். அதன் விலையைச் செலுத்துபவர்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த வசதி உடையவர்களே.

லிந்துலைப் பகுதியில் தேயிலைத் தோட்டமொன்றில் தொழில் புரியும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்துச் சம்பளம் போதாது என்பதால் லயனை அடுத்த சிறு துண்டு நிலத்தில் அக்குடும்பம் உருளைக்கிழங்கும் போஞ்சியும் பயிரிடுகின்றது. விதைக் கிழங்கைக் கடனுக்கு வாங்கியாயிற்று. இரண்டாம் மாதத்தில் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, மஞ்சளாகின்றன. இது என்ன நோய் என்று கேட்பதற்கு அவர்களுக்கு எவருமில்லை. வாடிய இலையொன்றைப் பறித்துக் கொண்டு நகரத்துக்குச் சென்று, மருந்துக் கடைக்காரரிடம் காட்டுகின்றார்கள். கடைக்காரரும் தமக்குத் தெரிந்த அளவில் ஒரு போத்தலை எடுத்துக் கொடுக்கின்றார். தெளித்தும் பயனில்லை, இன்னொரு போத்தல் வாங்குகின்றார்கள். அறுவடையில் கிடைப்பது விதைக்குச் செலவிட்ட பணத்துக்கும் ஈடாவதில்லை. இது புனைந்துரைக்கப்பட்ட ஓர் உதாரணமே எனினும், அக்கரப்பத்தனையிலும் நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் இதனைப் படிப்பவர்களுக்குப் புதுமையான கதையாக இருக்க மாட்டாது.

இங்கு மருந்தைக் குறை கூறுவதற்கில்லை. கடைக்காரரையும் குறை கூறுவதற்கில்லை. நோய் இன்னதென்று தெரியாமல் சிகிச்சை தொடங்கப்படுவதே குறைபாடாகும். வைரஸினால் பீடிக்கப்பட்ட செடியைக் குணப்படுத்துகின்ற மருந்து உலகில் எங்கும் விற்பனைக்கு இல்லை. பங்கசு நோய்க்குப் பங்கசு நாசினி உண்டு. பூச்சிக்குப் பூச்சி நாசினி உண்டு. வைரஸ் நோய்க்கோ வராமல் தடுப்பதும், வந்த செடியைப் பிடுங்கி அழிப்பதும், நோயற்ற நடுகைப் பொருளைப் பெறுவதும், எதிர்ப்புச் சக்தியுள்ள வர்க்கத்தைத் தெரிவு செய்வதுமே வழிகளாகும். ஆகவே, இது வைரஸா அல்லவா என்ற முதற் கேள்விக்கு விடை கிடைக்காதவரை, விவசாயி செலவிடுகின்ற ஒவ்வொரு ரூபாவும் இருட்டில் எறிந்த கல்லாகவே இருக்கும்.

மிளகாய்ச் செடியில் இலை சுருளுவதை எடுத்துக் கொள்வோம். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் கற்பிட்டியிலும் மிளகாய் பயிரிடுகின்ற தமிழ், முஸ்லிம் விவசாயிகள் அனைவரும் அறிந்த துன்பம் இது. பனிப்பூச்சி சாறு உறிஞ்சினாலும் இலை சுருளும். கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணி தாக்கினாலும் சுருளும். வெண் ஈ காவி வருகின்ற வைரஸினாலும் சுருளும். பார்வைக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆயினும் பனிப்பூச்சிக்கான நாசினி சிற்றுண்ணியைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டுமே செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸை ஒன்றும் செய்ய மாட்டா.

வைரஸ்தான் என்று தெரிந்து கொண்ட பின்னரும் எந்த வைரஸ் என்பது தெரிய வேண்டும். உருளைக்கிழங்கை முக்கியமாகத் தாக்கும் வைரஸ்களில் இலைச்சுருள் வைரஸும் 'வை' என்ற எழுத்தால் குறிக்கப்படுகின்ற வைரஸும் அடங்கும். இரண்டையும் பரப்புவது அழுக்கணவன் என்ற சிறு பூச்சியே. ஆனால் இலைச்சுருள் வைரஸைப் பரப்புவதற்கு அப்பூச்சி செடியில் நீண்ட நேரம் தங்கிச் சாறு உறிஞ்ச வேண்டும் என்பதால், பூச்சி நாசினியால் அந்நோயின் பரவலை ஓரளவுக்கேனும் குறைக்கலாம். மற்றைய வைரஸையோ அப்பூச்சி சில நொடிகளில், ஒரு செடியில் வாய் வைத்து அடுத்த செடியில் வாய் வைக்கும் நேரத்துக்குள், கடத்தி விடுகின்றது. நாசினி பூச்சியைக் கொல்வதற்கு முன்பே தொற்று நிகழ்ந்து முடிந்திருக்கும். வைரஸ்களை இனங்காண்பதும் வகைப்படுத்துவதும் அறிஞர்களின் ஏட்டுப் பொழுதுபோக்கு என்று கருதுவோர், இந்த ஒரு வித்தியாசம் ஒரு குடும்பத்தின் கடன் சுமையைத் தீர்மானிக்கின்றது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

மலையகத்தின் வரலாறே ஒரு பயிர் நோயினால் திசைமாறிய வரலாறாகும். 1869 ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பங்கசு அறிஞர் பேர்க்லி அதனை விவரித்துப் பெயரும் சூட்டினார். ஆனால் அது எவ்வாறு பரவுகின்றது என்பதை முறையாக ஆராய்வதற்கு மார்ஷல் வார்ட் இலங்கைக்கு வந்தது 1880 ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட காலத்தில் நோய் மலைநாடெங்கும் வேரூன்றி விட்டது. கோப்பித் தொழில் சரிந்தது, தோட்டங்கள் கைவிடப்பட்டன. உழைத்த கூலி கிடைக்காமல் தவித்தவர்களும், வந்த வழியே தமிழகத்துக்குத் திரும்பியவர்களும் எமது மக்களின் முன்னோரே. கோப்பியின் இடத்தைப் பின்னர் தேயிலை நிரப்பியது என்று பாடநூல்கள் ஒரு வரியில் முடித்து விடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் எத்தனை குடும்பங்களின் பட்டினி அடங்கியிருக்கின்றது என்பதை எவரும் கணக்கிட்டதில்லை. நோய்க்குப் பெயர் சூட்டுவது மட்டும் போதாது, பெயர் சூட்டியபின் காலந்தாழ்த்தாது செயற்பட வேண்டும் என்பதே கோப்பி எமக்குப் புகட்டிய பாடமாகும்.

அப்பாடத்தின் விளைவுகளில் ஒன்றாகவே 1925 ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது எனக் கொள்ளலாம். லிந்துலைக்கு மிக அண்மையில், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அது இன்றும் இயங்கி வருகின்றது. தேயிலைச் செடியின் வைரஸ் நோயொன்று உலக விஞ்ஞான ஏடுகளில் இடம்பிடிப்பதற்குக் காரணமாயிருந்ததும் இந்நிலையமே என்பது இப்பகுதி மக்களில் பலரும் அறியாத செய்தியாகும். அங்கு பணிபுரிந்த ரீ.ஈ.ரீ. பொண்ட் என்ற தாவர நோயியலாளர், உயர்நிலத் தோட்டங்களில் காரணம் புரியாமல் நலிந்து வந்த தேயிலைச் செடிகளை ஆராய்ந்து, 1944 ஆம் ஆண்டிலும் 1947 ஆம் ஆண்டிலும் தமது முடிவுகளை வெளியிட்டார். செடியின் பட்டையிலுள்ள உரியம், அதாவது இலையில் உற்பத்தியாகும் உணவை ஏனைய பகுதிகளுக்குக் கொண்டு செல்லும் இழையம், இறந்து பழுப்பு நிறமடைவதை அவர் நுணுக்குக்காட்டியினூடாகக் கண்டார். நோயுற்ற செடியின் கிளையை நலமான செடியில் ஒட்டிய போது அதற்கும் நோய் தொற்றியது. மண்ணின் குறைபாடு ஒட்டுக்கிளை வழியே பரவாது. எனவே இது வைரஸ் நோயே என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்நோய் 'உரிய இழைய இறப்பு நோய்' என்று பொருள்படும் பெயரைப் பெற்றது. இலங்கை மலைகளின் காட்டுப் பூக்களைப் பற்றி 1953 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலின் ஆசிரியரும் இவரே.

அன்று அவர் கையில் இருந்தவை ஒரு நுணுக்குக்காட்டியும், ஓர் ஒட்டுக்கத்தியும், பொறுமையுமே. அறிகுறியையும் ஒட்டுப் பரிசோதனையையும் கொண்டே அந்த நோய் அறியப்பட்டது. இன்றோ நிலைமை வேறு. 2018 ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள், நிறம் மாறிய தேயிலை இலைகளிலிருந்து மரபுப் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் எழுத்து வரிசையை முழுமையாக வாசித்து, அதுவரை அறியப்படாத இரண்டு வைரஸ்களைத் தேயிலையில் கண்டறிந்தனர். வி.பி. தேயிலை எனப்படும் கன்றுகள் தாய்ச் செடியின் சிறு துண்டிலிருந்தே உருவாக்கப்படுகின்றன. அவ்வாறு பெருக்கப்படும் எப்பயிரிலும், தாயிடம் வைரஸ் இருந்தால் அது பிள்ளைக்கும் செல்லக் கூடும். எனவே, எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் சென் கூம்ஸில் தொடங்கிய தேடலை இன்றைய கருவிகளோடு இங்கேயே தொடர்வது எமது நாட்டின் கடமை மாத்திரமன்றித் தேவையுமாகும்.

வைரஸ்களை வகைப்படுத்தும் இயலின் கதையும் பயிரிலிருந்தே ஆரம்பமாகின்றது. புகையிலை இலையில் வெளிர்ந்த திட்டுகளை உண்டாக்கும் சித்திரவடிவ நோயை 1886 இல் மேயரும், 1892 இல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கியும், 1898 இல் ஒல்லாந்தின் பெய்ஜரிங்கும் ஆராய்ந்தனர். பற்றீரியாவைத் தடுத்து நிறுத்துகின்ற வடிகட்டியையும் தாண்டிச் செல்லும் ஏதோ ஒன்று நோயை உண்டாக்குகின்றது என்பது அப்போதுதான் தெரிய வந்தது. வைரஸ் என்ற எண்ணமே அங்குதான் பிறந்தது. தொடக்கத்தில் தாக்கப்பட்ட செடியின் பெயரையும் ஓர் இலக்கத்தையும் சேர்த்தே வைரஸ்களைக் குறிப்பிட்டனர். ஒரே வைரஸ் பல செடிகளைத் தாக்குவதும், ஒரே செடியில் பல வைரஸ்கள் ஒரே தோற்றத்தை உண்டாக்குவதும் தெரிந்த பின்னர் அம்முறை குழப்பத்தில் முடிந்தது. 1966 ஆம் ஆண்டில் சர்வதேசக் குழுவொன்று அமைக்கப்பட்டு, துகளின் வடிவம், மரபுப் பொருளின் தன்மை, காவும் பூச்சி முதலியவற்றின் அடிப்படையில் ஒழுங்கு உருவாக்கப்பட்டது. இன்று மரபு எழுத்து வரிசையே பிரதான அளவுகோலாகும்.

இந்த அளவுகோலினால் எமது நாட்டின் பெயரையே தாங்கிய வைரஸொன்று உலகுக்கு அறிமுகமானது. மரவள்ளியின் இலைகளில் மஞ்சளும் பச்சையும் கலந்து உருக்குலையச் செய்யும் நோயை ஆராய்ந்தவர்கள், இலங்கையில் பெறப்பட்ட மாதிரியிலிருந்த வைரஸ் இந்தியாவில் அறியப்பட்டதிலிருந்து வேறானது எனக் கண்டு, 'இலங்கை மரவள்ளிச் சித்திரவடிவ வைரஸ்' என அழைத்தனர். 2002 ஆம் ஆண்டில் அதன் விரிவான ஆய்வு வெளியாகியது. பின்னர் அதே வைரஸ் தமிழகத்திலும் கேரளத்திலும் இருப்பது தெரிய வந்தது. 2015 ஆம் ஆண்டில் அது கம்போடியாவில் காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் வியட்நாம், தாய்லாந்து, தென்சீனம் ஆகிய இடங்களுக்கும் பரவியது. வெண் ஈ ஒருபுறம் காவிச் செல்ல, நோயுற்ற தண்டுகளை விவசாயிகளும் வியாபாரிகளும் அறியாமல் ஊர் ஊராக எடுத்துச் சென்றமை மறுபுறம் அதனைப் பரப்பியது. இலங்கையின் பெயர் இருப்பதனால் இலங்கைதான் அதற்குக் காரணம் என்று எவரும் கொள்வதற்கில்லை. எங்கே முதலில் இனங்காணப்பட்டது என்பதையே அப்பெயர் காட்டுகின்றது. நெருக்கடி காலத்தில் வறியவர்களின் வயிற்றை நிரப்பிய கிழங்கின் நோய்க்கு எமது பெயர் இருக்கின்றபோது, அதைப் பற்றிய அறிவு எமது விவசாயியிடம் இல்லாதிருப்பதே வருத்தத்துக்குரியது.

வைரஸ் அல்லாத ஒன்றை வைரஸ் என்று கருதுவதும் ஆபத்தானதே. 2006 ஆம் ஆண்டளவில் வெலிகமப் பகுதித் தென்னைகளில் ஓலை வாடும் நோயொன்று தோன்றியது. ஆய்வுகளின் பின்னர், வைரஸுமன்றிச் சாதாரண பற்றீரியாவுமன்றி, பைற்றோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரே அதனுடன் தொடர்புபட்டது எனத் தெரிந்தது. அதன் பின்னரே, நோயுற்ற மரங்களை அகற்றுவது, தென்மாகாணத்திலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டு செல்வதைத் தடுப்பது போன்ற நடவடிக்கைகளுக்கு உறுதியான அடிப்படை கிடைத்தது. நோய்க்காரணியை நிச்சயிப்பதே நிருவாகத்தின் முதற்படி என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

எமது நாட்டில் இதற்கான நிறுவனங்களும் சட்டங்களும் இல்லாமலில்லை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. கட்டுநாயக்கவில் தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை உண்டு. ஹோமாகமவில் தாவர வைரஸ்களைப் பரிசோதிக்கும் நிலையம் உண்டு. கன்னொறுவையில் ஆராய்ச்சி நிறுவனமும் சீதாஎலியவில் உருளைக்கிழங்குக்கான ஆய்வு நிலையமும் உண்டு. செடியின் வளர்நுனியில் வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை என்பதைப் பயன்படுத்தி, அந்நுனியிலிருந்து நோயற்ற செடியை வளர்த்தெடுக்கும் இழைய வளர்ப்பு முறை 1952 ஆம் ஆண்டில் பிரான்ஸில் நிரூபிக்கப்பட்டது. அம்முறை எமது விஞ்ஞானிகளுக்கும் கைவந்த கலையே. அறிவு இருக்கின்றது, கட்டடம் இருக்கின்றது. அவற்றுக்கும் லயன் வாசலுக்கும் இடையே பாதை இல்லை என்பதுதான் பிரச்சினை.

அந்தப் பாதை இல்லாமற் போனது தற்செயலானதன்று. கமநல சேவை நிலையங்களும் விவசாயப் போதனாசிரியர்களும் கிராமத்து விவசாயியை மனதிற் கொண்டே ஏற்படுத்தப்பட்டன. தோட்டத் தொழிலாளி விவசாயியாகக் கணிக்கப்படுவதில்லை. அவர் பயிர் செய்கின்ற நிலத்துக்கு அவரிடம் உறுதிப் பத்திரம் இல்லை. தோட்ட நிருவாகத்தின் அக்கறை தேயிலையோடு முடிந்து விடுகின்றது. பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளுக்குச் சேவையாற்றுவதற்கு இருந்த சட்டத் தடையே 2018 ஆம் ஆண்டில்தான் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், இலையொன்றைப் பரிசோதித்துத் தருமாறு கேட்கும் உரிமை எத்துணை தூரத்தில் இருக்கின்றது என்பது விளங்கும்.

இன்று இவ்விடயம் முன்னரிலும் அவசரமாகியிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பிரித்து ஒப்படைத்து, பறிக்கும் கொழுந்தின் அளவுக்கு ஏற்பப் பணம் கொடுக்கும் வெளியார் உற்பத்தி முறையைப் பெருந்தோட்டக் கம்பனிகள் முன்வைத்து வருகின்றன. அதன் நன்மை தீமைகளைப் பற்றிய விவாதம் வேறு. ஆனால் அம்முறையில், செடி நோயுற்றால் ஏற்படும் நட்டம் கம்பனியின் கணக்கிலிருந்து குடும்பத்தின் கணக்குக்கு மாறி விடுகின்றது. நட்டத்தைக் கைமாற்றுபவர்கள், நோயை அறியும் வசதியையும் சேர்த்துக் கைமாற்ற வேண்டுமல்லவா? வயது முதிர்ந்து நலிந்த செடிகளையும், காரணம் தெரியாமல் கொழுந்து குறைந்த செடிகளையும் எவ்விதப் பரிசோதனையுமின்றி ஏற்றுக் கொள்ளுமாறு ஒரு குடும்பத்தைக் கேட்பது நியாயமாகாது.

பொருளாதார நெருக்கடியிலிருந்து மீண்டு வரும் நாட்டில் இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் கோருவது மாளிகையன்று. கொவிட் காலத்தில் நாடெங்கும் பி.சி.ஆர். பரிசோதனை வசதிகள் விரிவாக்கப்பட்டன. அத்தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்றவர்களும் உருவாகினர். செடியின் வைரஸைக் கண்டறியும் முறையும் அடிப்படையில் அதுவே. 1977 ஆம் ஆண்டு முதல் தாவர வைரஸ்களுக்குப் பயன்பட்டு வரும் எலைசா பரிசோதனை அதனிலும் மலிவானது. பயனற்ற நாசினிகளை இறக்குமதி செய்வதற்குச் செலவாகும் அந்நியச் செலாவணியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது செலவல்ல, சேமிப்பாகும்.

ஆகவே, கமத்தொழில் மற்றும் பெருந்தோட்ட அமைச்சுகளின் கவனத்துக்குச் சில யோசனைகளை முன்வைக்க விரும்புகின்றோம். முதலாவதாக, தலவாக்கலையிலோ சீதாஎலியவிலோ, தேயிலை என்றும் மரக்கறி என்றும் பேதம் பாராமல், எவரும் கொண்டு வரும் நோயுற்ற இலையை ஏற்றுப் பரிசோதித்து விடை தருகின்ற ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட வேண்டும். இரண்டாவதாக, அவ்விடை நோயாளிக்குப் புரிகின்ற மருந்துச் சீட்டைப் போல், செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பவற்றோடு தமிழில் வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, தோட்டப் பகுதிகளுக்கெனத் தமிழ்மொழி மூல விவசாயப் போதனாசிரியர்கள் நியமிக்கப்படல் வேண்டும். நில உறுதி இல்லாமை சேவையை மறுப்பதற்குக் காரணமாகக் கூடாது. நான்காவதாக, விற்பனைக்கு வரும் விதை உருளைக்கிழங்கு வைரஸ் பரிசோதனைக்கு உட்பட்டதா என்பதைப் பொதியின் மீது மும்மொழியிலும் குறிப்பிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகளுக்குச் சென் கூம்ஸின் ஆய்வுகூடக் கதவுகள் அகலத் திறக்கப்பட வேண்டும். பெற்றோர் கொழுந்து பறிக்கும் செடியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்பிள்ளைகளுக்குக் கிடைக்குமாயின், அடுத்த கண்டுபிடிப்பு லிந்துலையிலிருந்து வராது என்று எவரால் கூற முடியும்?

அரசாங்கத்திடம் மட்டும் கோரிக்கை விடுத்து விட்டு நாம் ஒதுங்கி விட முடியாது. வாழையின் குருத்திலைகள் கொத்தாகக் குறுகிப் போகும் உச்சிக்கொத்து நோய் இலங்கையிலிருந்தே 1940 ஆம் ஆண்டளவில் கேரளத்தைச் சென்றடைந்ததாகக் கூறப்படுகின்றது. பழனி மலைகளின் புகழ்பெற்ற விருப்பாட்சி வாழையை அந்நோய் பின்னாளில் ஏறத்தாழ அழித்தே விட்டது. ஒருவர் ஆசையோடு கொண்டு சென்ற ஒரு வாழைக்குட்டி போதும், ஒரு பிரதேசத்தின் பயிரையே இல்லாதொழிப்பதற்கு. இந்தியாவுக்குச் சென்று திரும்பும் எமது மக்கள் பயணப் பொதிக்குள் பூச்செடித் துண்டையோ கிழங்கையோ மறைத்துக் கொண்டு வருவதைத் தவிர்க்க வேண்டும். விவசாய இரசாயனங்களை விற்கும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களும், நோய் இன்னதென்று உறுதியாகாத போது போத்தலை நீட்டாமல், பரிசோதனைக்கு அனுப்பும் நேர்மையைக் கடைப்பிடிக்க வேண்டும். நுவரெலியாச் சந்தையிலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் மரக்கறி செல்வது விவசாயியும் வியாபாரியும் ஒருவரையொருவர் நம்புவதனாலேயே. விவசாயி வீழ்ந்தால் வியாபாரியும் நிலைக்க மாட்டார்.

கோப்பி அழிந்தபோது எமது முன்னோருக்கு நோயின் பெயரும் தெரியாது. கேட்பதற்கு இடமும் இருக்கவில்லை. இன்று பெயர் தெரிந்தவர்கள் தலவாக்கலை மலையிலேயே இருக்கின்றார்கள். கேட்பதற்கான இடத்தை மாத்திரமே ஏற்படுத்த வேண்டியுள்ளது. வாடிய இலையொன்றைக் கையில் ஏந்தி வரும் ஒரு தொழிலாளிக்கு, இது இன்ன நோய், இதற்கு இதுவே வழி என்று அவரது மொழியில் பதில் சொல்லும் ஒரு மேசை மலையகத்தில் போடப்படுமாயின், பல ஆண்டுகளாக வழங்கப்பட்டு வரும் பெரிய வாக்குறுதிகளை விட அது அவருக்குப் பயனுள்ளதாக இருக்கும் என்பது எமது உறுதியான கருத்தாகும்.